புஜத்தைப் பார்த்துக் கைதட்டாதீர்கள்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பின்பக்க ஹாலில் இளவட்டங்கள் ஒரு டேபிளை இழுத்துப் போட்டார்கள். இரண்டு பையன்கள் எதிரெதிராக உட்கார்ந்து முழங்கையை ஊன்றிக் கை கோத்தார்கள். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். ஆளுக்கு ஒரு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "விடாதே மாப்ளே, அமுக்கு!" என்று ஒருவர் கத்தினார். அவருக்கு எழுபது வயதிருக்கும்.

நான் நேராகப் போய் டேபிளைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிங்கடா ரெண்டு பேரும்" என்றேன்.

"பெருசுக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அந்த எழுபது வயதுக்காரர், "நம்ம காலத்துல நாம செய்யாததா சார்? பசங்க விளையாடட்டும்" என்றார். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் அந்தப் பையன்கள் மேல் இல்லை. சுற்றி நின்று உசுப்பேற்றிய நம் வயதுக்காரர்கள் மேல்தான்.

ஏனென்றால் நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படி நின்று உசுப்பேற்றியவன் நான்.

அதுவும் ஒரு கல்யாண மண்டபம்தான். என் தங்கையின் பேரனுக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு வருஷமாக ஜிம்முக்குப் போய்ப் புஜத்தை நன்றாக ஏற்றி வைத்திருந்தான். சட்டைக் கை இறுக்கிப் பிடிக்கும். போலீஸ் தேர்வில் எழுத்துப் பரீட்சை பாஸாகி, உடல்திறன் தேர்வுக்கு ஐந்து வாரம் பாக்கி. பெண் வீட்டுப் பையன் ஒருவன் வம்புக்கு இழுக்க, டேபிள் வந்தது. நடுவர் யார்? பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த நான்தான். ஐந்நூறு ரூபாய் பந்தயமும் என் பையிலிருந்துதான்.

ஒரு நிமிஷம் இரண்டு கையும் அசையவில்லை. பிறகு எங்கள் பையனின் மணிக்கட்டு பின்னால் மடங்க ஆரம்பித்தது. கை தோற்கிறது என்று தெரிந்ததும் உடம்பைத் திருப்பித் தோளால் தள்ளப் பார்த்தான். முகம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நான் நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் அமுக்குடா!" என்றேன்.

பச்சை மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மேல்கை எலும்பு, முழங்கைக்குச் சற்று மேலே, சுருளாக உடைந்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடைந்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஒரு சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்து ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள். நேராக உடையாது, சாய்வாகச் சுருண்டு உடையும். எதிராளி கையை ஒரு பக்கம் பிடித்திருக்க, இவன் உடம்பையும் தோளையும் மறுபக்கம் திருப்பினால், நடுவில் இருக்கும் எலும்பு சாக்பீஸ் ஆகிவிடுகிறது.

அதோடு முடியவில்லை. அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்கு உத்தரவு போவது அதன் வழியாகத்தான். அது அடிபட்டதில் பையனின் மணிக்கட்டு தொங்கிவிட்டது. கையை நீட்டச் சொன்னால் வாடின வாழை இலை மாதிரி கீழே விழும். பிளேட் வைத்துத் தைத்தார்கள். மணிக்கட்டு பழையபடி தூக்க ஐந்து மாதம் ஆயிற்று. கயிறு ஏறும் தேர்வு அவன் இல்லாமலே நடந்து முடிந்தது. அடுத்த தடவை எழுத்துப் பரீட்சையில் மார்க் போதவில்லை. இன்றைக்குக் கூரியர் வண்டி ஓட்டுகிறான்.

என் தங்கை என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ அங்கதானேண்ணே இருந்தே?"

இப்போது அந்த எழுபது வயதுக்காரரின் வாதத்துக்கு வருகிறேன். "நம்ம காலத்துல நாம செய்யாததா?"

செய்தோம். நான் 1971-ல் கலாசியாகச் சேர்ந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சின் மேல் முழங்கையை ஊன்றாத நாள் இல்லை. ஆனால் அந்தப் பெஞ்சுக்கு ஒரு காவல் இருந்தது. கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடிக்கும் ஒரு பெரியவர். ஒல்லியான ஆள். புஜம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் முழங்கைக்குக் கீழே பார்த்தால் புளியமரத்து வேர் மாதிரி இருக்கும். புதிதாக வருகிற பையன் பெஞ்சில் உட்கார ஆசைப்பட்டால், அவர் ஒரு கைச்சுத்தியலை எடுத்து நீட்டுவார். பிடியின் கடைசி நுனியைப் பிடித்துக் கையைத் தொடையோரம் தொங்கவிட வேண்டும். முழங்கை அசையக்கூடாது. மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சுத்தியல் தலையை முன்பக்கமாக மேலே தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். பத்துத் தடவை. முடியாதவனை, "போயிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாடா தம்பி" என்று அனுப்பிவிடுவார்.

எனக்கு முதல் நாள் மூன்று தடவைகூட வரவில்லை. பஸ்கியும் தண்டாலும் எடுத்த உடம்பு என்று கொஞ்சம் திமிர் வேறு. மூன்றாவது மாதம்தான் பெஞ்சில் உட்கார விட்டார். உட்கார்ந்ததும் அவரே எதிரில் உட்கார்ந்து இரண்டு விநாடியில் என் கையைப் படுக்க வைத்தார்.

ஆக, நம் காலத்தில் கை உடையாமல் இருந்ததற்குக் காரணம் நாம் பெரிய வீரர்கள் என்பதல்ல. ஒன்று, வேலையே முன்கையைச் செய்தது. கிணற்றில் நீர் இறைத்தோம், மாடு கறந்தோம், வேட்டியும் புடவையும் பிழிந்தோம், ஸ்பானர் திருகினோம். வீட்டுப் பெண்கள் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றினார்கள், அம்மியில் அரைத்தார்கள், தேங்காய் துருவினார்கள். அந்தக் கைகளோடு ஜிம் பையனின் கை போட்டியிட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, "நீ இன்னும் தயாரில்லை" என்று சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். இன்றைக்கு வாஷிங் மெஷின் துணி பிழிகிறது, கிரைண்டர் மாவு அரைக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் இடத்தில் நாம் நிற்கிறோம், செல்போனோடு.

"அவன்தான் ஜிம்முக்குப் போறானே, புஜத்தைப் பாருங்க" என்பது அடுத்த வாதம். அன்றைக்கு நானும் அதைத்தான் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஸ்பானர் பிடித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஸ்பானர் நட்டைச் சரியாகக் கவ்வவில்லை என்றால் தோளில் எவ்வளவு பலம் இருந்து என்ன பிரயோஜனம்? வழுக்கிப் போய் விரல்தான் நசுங்கும். கை மடக்குவதிலும் எதிராளியோடு ஒட்டியிருப்பது உங்கள் உள்ளங்கையும் விரல்களும் மட்டும்தான். புஜத்தின் பலம் அவனிடம் போய்ச் சேர வேண்டுமானால் மணிக்கட்டு என்ற வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடங்கினால் வாசல் மூடிக்கொள்கிறது. கடப்பாரையின் நீளம் கூடின மாதிரி, அவன் தள்ளும் ஒவ்வொரு கிலோவும் உங்கள் மேல் பெரிய பாரமாக விழுகிறது. அதைத் தாங்க உடம்பைத் திருப்புகிறீர்கள். எலும்பு முறிகிறது. மணிக்கட்டு உள்ளே மடங்கி நின்றால் பாரம் உங்கள் பக்கம் குறைகிறது, அவன் விரல்தான் திறக்கிறது.

இன்னொன்று செய்து பாருங்கள். இடது கையால் வலது முன்கையை முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி விரியுங்கள். உள்ளே தசை ஓடுவது தெரிகிறதா? விரலுக்குள் தசை கிடையாது. விரலை இழுக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில்தான் இருக்கிறது. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. பிடி என்பது முன்கையின் வேலை. புஜத்தின் வேலை அல்ல.

இதில் உலகப் பேர் வாங்கியவர்களைப் பார்த்தாலும் இதேதான். 1987-ல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்து 'ஓவர் தி டாப்' என்று ஒரு படம் வந்தது. லாரி டிரைவர் கை மடக்கும் போட்டியில் ஜெயிக்கிற கதை. அந்தப் படத்துக்காக 1986-ல் லாஸ் வேகாஸில் நிஜமாகவே போட்டி நடத்தினார்கள். அதில் ஒரு பெரிய லாரியைப் பரிசாக வென்றவர் ஜான் பிரெசெங்க் என்ற அமெரிக்கர். தன்னைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிந்த ஆட்களையெல்லாம் அவர் வருஷக்கணக்கில் சாய்த்தார். பிழைப்புக்குச் செய்த தொழில் விமான மெக்கானிக். எங்கள் ஜாதி! ஸ்பானர் ஜாதி.

அமெரிக்காவில் பெட்டலூமா என்ற சின்ன ஊரில் இந்தப் போட்டி 1950-களிலிருந்தே பிரபலம். அதற்கு அவர்கள் வைத்த பெயரே மணிக்கட்டு மல்யுத்தம். பேரப்பிள்ளைகளின் காமிக்ஸில் ஸ்னூப்பி என்று ஒரு நாய் வருமே, 1968-ல் அது அந்த ஊருக்குப் போட்டிக்குப் புறப்பட்டதாக ஒரு தொடர் வந்தது. கடைசியில் அதைத் தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள். காரணம், கட்டை விரல் இல்லை. சிரிப்புக்காக எழுதியது என்றாலும் விஷயம் சரியானது. கட்டை விரலைப் பூட்டாமல் இந்த விளையாட்டே கிடையாது.

"அப்படியானால் தடை செய்துவிடலாமே" என்று என் மருமகள் சொன்னாள். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்துக் கேரளத்தில் இதைப் பஞ்சகுஸ்தி என்று முறையாகச் சொல்லிக் கொடுத்துப் போட்டி நடத்துகிறார்கள். 2023-ல் டெல்லியில் புரோ பஞ்சா லீக் நடந்தபோது ஆறு அணிகள் இருந்தன. கொச்சி இருந்தது, ஹைதராபாத் இருந்தது. நம் ஊர் பெயரில் ஓர் அணி இல்லை. கர்லாக்கட்டை சுற்றிய நாட்டுக்கு இது அழகா? அந்தக் கட்டையைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரப் பட்டாளம் 19-ஆம் நூற்றாண்டில் அதைத் தன் பயிற்சியில் சேர்த்தது. 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. நம் வீட்டுப் பரணில் அது ஒட்டடை படிந்து கிடக்கிறது. பையன் ஆன்லைனில் ஸ்பிரிங் கிரிப்பர் வாங்குகிறான்.

அந்த ஸ்பிரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டதல்ல. ஆனால் அது விரலை மூட மட்டும்தான் பழக்கும். மணிக்கட்டுக்கு உள்ளே மடக்குவது, கட்டை விரல் பக்கமாக மேலே தூக்குவது, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புவது என்று மூன்று வேலை உண்டு. அவற்றைத் தாங்கிப் பிடிக்கப் பின்பக்கத் தசையும் வேண்டும். ஒன்றை மட்டும் பழக்கினால் நாலு கால் நாற்காலியில் ஒரு காலுக்கு மட்டும் புது மரம் போட்ட கதைதான்.

என் தங்கை பேரனுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததையும், அந்தச் சம்மட்டிப் பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். செலவு ஒன்றுமில்லை.

சுத்தியல் தூக்குவது மேலே சொன்னதுதான். ஆரம்பத்தில் நுனியைப் பிடிக்காமல் பிடியின் நடுவில் பிடித்தால் பாரம் குறையும். வாரம் போகப் போகக் கை கீழே இறங்கட்டும்.

அதே சுத்தியலை, முன்கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, செங்குத்தாகப் பிடித்து இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாகச் சாய்த்து எடுக்க வேண்டும். கையைத் திருப்பும் பலம் இதில்தான் வரும். வேகமாகச் சாய்த்தால் பிரயோஜனமில்லை, மணிக்கட்டும் வலிக்கும்.

ஒரு உருளைக் கட்டையின் நடுவில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கட்டையை இரண்டு கையாலும் சுருட்டிப் பாட்டிலை மேலே ஏற்றி, அதே நிதானத்தில் இறக்க வேண்டும். மூன்று தடவை செய்தாலே முன்கை தீயாய் எரியும்.

வாளியின் கைப்பிடியில் துண்டைச் சுற்றிப் பருமனாக்கித் தூக்கி நடப்பது. பிடி பருமனாக இருந்தால் கட்டை விரல் வேலை செய்தே ஆக வேண்டும்.

கடைசியாக, விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு விரிப்பது. இதை யாரும் செய்வதில்லை. மூடும் தசைக்கே எல்லாரும் சோறு போடுகிறார்கள், திறக்கும் தசை பட்டினி கிடக்கிறது. முழங்கையின் வெளிப்பக்க வலி பலருக்கும் வருவது இந்தப் பக்கத்தில்தான்.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். தினமும் வேண்டாம். தசை சீக்கிரம் வளரும். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் தேறும். புஜம் ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. நாண் தேறியிருக்கிறதா என்று கண்ணாடியில் தெரியாது. பையன்கள் ஏமாறுவது இங்கேதான். முழங்கையின் உள்பக்கம் வலி எடுத்தால் அன்றோடு நிறுத்திவிட்டு, வலி போனபிறகு தொடர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது வீரமல்ல.

பெஞ்சில் உட்காரும்போது மூன்று விதி. உங்கள் கையை உங்கள் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை எந்தப் பக்கம் போகிறதோ தோளும் உடம்பும் அந்தப் பக்கமே போக வேண்டும், எதிர்ப்பக்கம் திரும்பக்கூடாது. மணிக்கட்டு முழுதாக மடங்கிவிட்டால் தோற்றுவிட்டோம் என்று கையை விட்டுவிட வேண்டும். நான்காவது விதி நடுவருக்கு. முகம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போனால் அந்த விநாடியே கத்தி நிறுத்து. அன்றைக்கு நான் செய்யாதது அதுதான்.

"இதெல்லாம் பையன்களுக்கு. நமக்கு என்ன சார்?" என்று நினைக்கிறீர்களா? நமக்கும்தான். 2015-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. நம் நாடு உட்பட 17 நாடுகளில், 35 முதல் 70 வயது வரை சுமார் 1.4 லட்சம் பேரின் பிடிபலத்தை அளந்து, சராசரியாக நாலு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பிடி 5 கிலோ குறைந்தால், அந்தக் காலத்துக்குள் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. பந்தை அமுக்கினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமல்ல. உடம்பின் மொத்த நிலவரத்தைக் கை சொல்லிவிடுகிறது என்றுதான் அர்த்தம். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறோமா? துண்டைப் பிழிந்தால் சொட்டுகிறதா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் நிற்கிறதா? அதுதான் நம் பரீட்சை. எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. காலையில் அரைக் கிலோ சுத்தியலின் பிடி நடுவில் பிடித்துப் பத்துத் தடவை தூக்குகிறேன். ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, மூச்சை அடக்காமல் செய்யுங்கள்.

தங்கை பேரன் இப்போது கூரியர் வேலை முடிந்து சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறான். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த கர்லாக்கட்டையை மொட்டை மாடியில் சுற்றுகிறான். போன வாரம் சுத்தியலை நுனியில் பிடித்துப் பத்துத் தடவை தூக்கிக் காட்டினான். "பெஞ்சுல உட்காரலாமா தாத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு, "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்டா தம்பி" என்றேன். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியதை நாலு வருஷம் தாமதமாகச் சொன்னேன்.

அடுத்த முகூர்த்தத்தில் எங்கேயாவது டேபிளை இழுக்கும் சத்தம் கேட்டால், செல்போனைப் பையில் போடுங்கள். எழுந்து போய், "மணிக்கட்டைக் காட்டுடா முதல்ல" என்று கேளுங்கள். பையன்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.